ஒரு குறிப்பேடும் ஒரு காதலும்: சமீபத்தில் நான் ரசித்த நாவல்கள்

கேள்வி: "பொன்னியின் செல்வனில் ஆரம்பித்து, பள்ளி நாட்களில் சரித்திர நாவல்களாகவே படித்துத் தள்ளியவள் நான். கல்யாணம், வேலை, குழந்தை என்று பத்து வருடம் இடைவெளி விழுந்துவிட்டது. இப்போது ஆங்கிலத்தில் மறுபடி படிக்க ஆசை. ஃபேண்டஸி, காதல், சரித்திரம் மூன்றுமே பிடிக்கும். சமீபத்தில் வந்தவற்றில் நீங்கள் ரசித்தவை எவை? ஏன் பிடித்தது என்றும் சொல்லுங்கள்."

'ஏன் பிடித்தது' என்றும் கேட்டுவிட்டீர்கள். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

படித்து முடித்த கையோடு யாரிடமாவது சொல்லியே தீர வேண்டும் என்று தவிக்கவைத்த நாவல்களை அலமாரியிலிருந்து எடுத்துத் தரையில் பரப்பிப் பார்த்தேன். எல்லாமே 2020-லும் அதற்குப் பிறகும் வந்தவை. ஒன்றில் டிராகன் பறக்கிறது. ஒன்றில் ஒரு மருத்துவச்சி பனியில் குதிரையேறிப் பிரசவம் பார்க்கப் போகிறாள். ஒன்றில் நியூயார்க் பெண்ணொருத்தி புத்தக வியாபாரம் பேசுகிறாள். வெளிப்பார்வைக்கு ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் யாரோ எழுதிவைத்த ஒரு காகிதம் இருக்கிறது. நாட்குறிப்பு, உயில், கப்பல் அறிக்கை, பாட்டி எழுதிய நோட்டு, இப்படி ஏதோ ஒன்று. அந்தக் காகிதம் ஓரிடத்தில் பேச்சை நிறுத்திவிடுகிறது. நாவல் அங்கிருந்து பேச ஆரம்பிக்கிறது.

உங்களுக்கு இது பழகிய வித்தைதான். உடையார்குடிக் கல்வெட்டு ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சிலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ரவிதாசன் அதில் ஒருவன். ஏன் கொன்றார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. கல்கி அந்த 'ஏன்' இருந்த வெற்றிடத்தில்தான் நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த ருசி நாக்கில் இருக்கிறவர்களுக்குக் கீழே சொல்லும் புத்தகங்கள் நிச்சயம் பிடிக்கும்.

நீங்கள் கேட்ட மூன்று வகையும் ஒரே புத்தகத்தில் வேண்டுமென்றால் கலியேன் பிராட்லி எழுதிய 'தி மினிஸ்ட்ரி ஆஃப் டைம்' (2024). இதைப் பற்றிப் பேச முதலில் அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1845-ல் சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் எரெபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து கிளம்பின. வடக்கே ஆர்க்டிக் கடல் வழியாகப் பசிபிக் பக்கம் போய்ச்சேர ஒரு பாதை கண்டுபிடிக்க வேண்டும் என்பது திட்டம். இரண்டும் பனியில் இறுகிச் சிக்கின. பனிக்குள் போன 129 பேரில் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. 1859-ல் தேடிப் போனவர்களுக்குக் கிங் வில்லியம் தீவில், கற்களைக் குவித்து வைத்திருந்த இடத்தில், தகர உருளைக்குள் ஒரு தாள் கிடைத்தது. கடற்படையின் அச்சடித்த படிவம். 1847 மே மாதம் அதில் நிதானமான கையெழுத்தில், எல்லாரும் நலம் என்று எழுதியிருந்தார்கள். அதைக் கொண்டுபோய் அங்கே வைத்த குழுவின் தலைவர் கிரஹாம் கோர் என்ற அதிகாரி. பதினோரு மாதம் கழித்து அதே தாளின் ஓரங்களில் சுற்றிச் சுற்றி நெருக்கி எழுதியிருக்கிறார்கள். கப்பல்களைக் கைவிட்டுவிட்டோம், ஃபிராங்க்ளின் இறந்துவிட்டார், இதுவரை 24 பேர் போய்விட்டார்கள். நடுவில் போகிறபோக்கில் ஒரு சொல்: 'மறைந்த' கமாண்டர் கோர். எல்லாரும் நலம் என்று கொண்டுபோய் வைத்தவர், அதே தாளின் ஓரத்தில் மறைந்தவராகிவிட்டார். எப்படி இறந்தார் என்று தாளில் இல்லை. ஒரே ஒரு புகைப்படமும், உடன் பயணம் போன அதிகாரி ஒருவர் கடிதத்தில் எழுதிய நாலு வரியும்தான் நமக்கு மிச்சம். நிதானமான ஆள், இனிமையான சுபாவம், புல்லாங்குழல் வாசிப்பார், சில நேரம் நன்றாக வரைவார், சில நேரம் மோசமாக வரைவார். அவ்வளவுதான்.

பிராட்லி இந்த மனிதரைத் தூக்கிக்கொண்டுவந்து இன்றைய லண்டனில் விடுகிறார். பிரிட்டிஷ் அரசு கடந்த காலத்திலிருந்து ஆட்களை எடுத்து வரும் வழியைக் கண்டுபிடித்து, அதற்கென்று ரகசியமாக ஓர் அமைச்சகமும் வைத்திருக்கிறது. வரலாறு மாறிவிடக் கூடாது என்பதால், எப்படியும் அந்த நேரத்தில் செத்திருக்கக்கூடியவர்களை மட்டுமே எடுக்கிறார்கள். 1665-ன் கொள்ளைநோயிலிருந்து ஒரு பெண், 1916-ன் போர்க்களத்திலிருந்து ஒரு கேப்டன், பனியிலிருந்து கோர். ஒவ்வொருவரோடும் ஓர் அரசு ஊழியர் ஒரு வருடம் ஒரே வீட்டில் தங்கி, இந்தக் காலத்தில் வாழப் பழக்க வேண்டும். கோருக்கு அமைந்தவள்தான் கதைசொல்லி. அவளுக்குப் பெயர் கிடையாது. அவளுடைய அம்மா கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்துக்கு அகதியாக வந்தவர்.

புத்தகம் என்னைப் பிடித்துக்கொண்டது இந்த இடத்தில்தான். சலவை இயந்திரத்தைப் பார்த்துக் கோர் திகைப்பது, கேட்ட பாட்டு கேட்ட நொடியில் கிடைப்பதைக் கண்டு அசந்துபோவது எல்லாம் சுவையாக இருக்கின்றன. ஆனால் அடியில் வேறொன்று ஓடுகிறது. ஊரை இழந்தவளின் மகள், காலத்தையே இழந்த ஒருவனுக்கு இங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பாடம் எடுக்கிறாள். அவனோ உலகத்தின் பல பகுதிகளைப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் ஆண்டபோது பிறந்தவன். அவளைப் பார்த்ததும் எந்த ஊர்க்காரி என்று கேட்கத் தோன்றுகிற ஆள். அவர்களுக்குள் காதல் வரும் என்று நமக்கு முதலிலேயே தெரியும். எப்படி வரப்போகிறது என்பதில்தான் பதைப்பு. தன்னோடு வந்த அத்தனை பேரும் பனியில் செத்துப்போனார்கள் என்பதை அவனிடம் சொல்லும் பொறுப்பும் இருக்கிறதே, அதை நினைத்துக்கொண்டே படித்தேன். கடைசிக் கால்வாசியில் கதை உளவுக் கதையாகி அவசரமாக ஓடுகிறது, அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனாலும் இரண்டாம் முறை படித்துவிட்டேன்.

அப்புறம், இந்த வரிசையில் என் மனசுக்கு மிக நெருக்கமானது ஏரியல் லாஹன் எழுதிய 'தி ஃப்ரோசன் ரிவர்' (2023).

மார்த்தா பாலர்ட் என்ற மருத்துவச்சி அமெரிக்காவில், இன்று மெய்ன் மாநிலம் என்று சொல்லப்படும் பகுதியில், கென்னபெக் நதிக்கரையில் ஹாலொவெல் என்ற ஊரில் வாழ்ந்தார். 1785 முதல் 1812-ல் இறக்கும்வரை 27 வருடம் நாட்குறிப்பு எழுதினார். அதில் உணர்ச்சி வர்ணனை எல்லாம் கிடையாது. இன்று வெயிலா மழையா, நதி உறைந்ததா உருகியதா, யார் வீட்டில் பிரசவம், என்ன குழந்தை, எவ்வளவு கூலி. 816 பிரசவங்கள் இப்படி ஒன்றிரண்டு வரிகளில் பதிவாகியிருக்கின்றன. ரொம்ப காலம் சரித்திரக்காரர்கள் இதை வீட்டுக் கணக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். லாரல் தாட்சர் உல்ரிக் என்ற வரலாற்றாசிரியர் 1990-ல் இந்தக் குறிப்புகளை வைத்தே ஓர் ஊரின் முழு வாழ்க்கையை எழுதிக் காட்டினார். மறுவருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. லாஹனின் நாவல் அந்த நாட்குறிப்பிலிருந்து பிறந்த புனைவு.

அந்தக் காலச் சட்டம் ஒன்றைச் சொன்னால் உங்களுக்கு நாவலின் சூடு புரியும். கல்யாணமாகாத பெண் பிரசவ வலியில் இருக்கும்போது, குழந்தைக்கு அப்பா யார் என்று மருத்துவச்சி கேட்க வேண்டும். வலியின் உச்சத்தில் பொய் வராது என்பது நம்பிக்கை. அந்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லும். பெண்கள் சொல்லுக்குப் பெரிய மதிப்பில்லாத ஒரு காலத்தில், மருத்துவச்சியின் சாட்சிக்கு மட்டும் இந்தக் கனம் இருந்தது. 1791-ல் மார்த்தா இப்படி ஒரு பெண்ணிடம் கேட்டபோது அவள் சொன்ன பெயர், மார்த்தாவின் சொந்த மகனுடையது. மார்த்தா அதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

இன்னொரு விவகாரமும் நாட்குறிப்பில் இருக்கிறது. 1789-ல் ஊர்ப் போதகரின் மனைவி ரெபெக்கா ஃபாஸ்டர், தன்னைப் பலாத்காரம் செய்தவர்களில் ஒருவன் ஜோசப் நார்த் என்று சொல்கிறாள். அந்த நார்த் ஊரின் நீதிபதி. நாவல் இதை எடுத்துக்கொண்டு, உறைந்த நதியில் ஓர் ஆணின் உடல் கிடைப்பதிலிருந்து தொடங்குகிறது. பிணத்தைப் பார்க்கக் கூப்பிடுவது மார்த்தாவைத்தான். அந்த ஆளும் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவன். கொலையா, விபத்தா? மருத்துவச்சி சொல்வதை ஊர் ஏற்குமா, படித்த டாக்டர் சொல்வதை ஏற்குமா? ஆசிரியர் சில சம்பவங்களின் காலத்தை நகர்த்தியிருக்கிறார், சிலவற்றைத் தானே உண்டாக்கியிருக்கிறார். நாட்குறிப்பைச் சரித்திரமாகவும் நாவலை நாவலாகவும் வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

நான் இதைக் காதல் கதை என்றும் சொல்வேன். மார்த்தாவுக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. ஒன்பது பிள்ளைகள் பெற்றவள். 1769-ல் தொண்டை அடைப்பான் நோயில் அடுத்தடுத்து மூன்று பெண் குழந்தைகளை மண்ணுக்குக் கொடுத்தவள். அவளும் கணவர் எஃப்ரேமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் விதத்தை, சிரித்துப் பேசும் விதத்தை, படுக்கையில் கைகோத்துக்கொள்ளும் விதத்தை லாஹன் எழுதியிருப்பதைப் படித்தபோது, நடுவயதுத் தம்பதியின் ஆசையை இவ்வளவு மரியாதையோடு யார் எழுதுகிறார்கள் என்று தோன்றியது. காதல் நாவல் என்றாலே இருபத்தைந்து வயதுக்குள் முடிந்துவிட வேண்டும் என்று யாரோ கோடு போட்டுவைத்த மாதிரி இருக்கிறது. இந்தப் புத்தகம் அந்தக் கோட்டை அழித்துவிட்டது.

மேகி ஓ'ஃபாரலின் 'ஹாம்நெட்' (2020) பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்த ஆண்டின் பெண்கள் இலக்கியப் பரிசு பெற்றது, 2025-ல் படமாகவும் வந்தது. ஸ்ட்ராட்ஃபோர்ட் தேவாலயப் பதிவேட்டில் 1596 ஆகஸ்ட் 11-ம் தேதி ஷேக்ஸ்பியரின் பதினோரு வயது மகன் ஹாம்நெட்டை அடக்கம் செய்த குறிப்பு இருக்கிறது. எதனால் இறந்தான் என்று இல்லை. சில வருடங்களில் அப்பா 'ஹாம்லெட்' எழுதுகிறார். அந்த ஊரில் அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே பெயரின் இரு உச்சரிப்புகள். இன்னொரு காகிதமும் உண்டு. ஷேக்ஸ்பியர் மனைவியை நாம் ஆன் என்கிறோம். அவளுடைய அப்பாவின் உயிலில் ஆக்னெஸ் என்றிருக்கிறது. பெற்றவருக்குத் தெரியாதா மகள் பெயர்? ஓ'ஃபாரல் அந்த ஆக்னெஸை எடுத்துக்கொண்டு, உலகப் புகழ்பெற்ற கணவரின் பெயரை நாவல் முழுக்க ஒருமுறைகூடச் சொல்லாமல் விட்டுவிட்டார். அவர் 'லத்தீன் வாத்தியார்', 'கணவர்', 'அப்பா', அவ்வளவுதான்.

பிளேக் நோய் அந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அலெக்சாந்திரியா துறைமுகத்தில் ஒரு குரங்கின் மேலிருந்த தெள்ளுப்பூச்சி ஒரு கப்பல் பையன் மேல் தாவி, கப்பல் பூனைகள், வெனிஸ் கண்ணாடி மணிப் பெட்டி என்று கைமாறி, கடைசியில் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு சின்னப் பெண் பெட்டியைத் திறக்கிறவரை. படிக்கும்போது கொரோனா ஊரடங்கு நாட்கள். அந்தப் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெறிச்சோடிய தெருவைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. குழந்தையை இழந்த தாய் அவனைக் குளிப்பாட்டித் துணி தைத்து மூடும் காட்சி ஒன்று வரும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அதைப் படிக்க மனதில் தெம்பு வேண்டும். உங்களுக்கு நேரம் சரியில்லை என்று தோன்றினால் தள்ளிவையுங்கள், புத்தகம் எங்கும் போய்விடாது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஆபிரகாம் வர்கீஸின் 'தி கவனண்ட் ஆஃப் வாட்டர்' (2023) தனி உறவு கொண்டாட இடம் தரும். கதை 1900-ல் திருவிதாங்கூரில் தொடங்குகிறது. பன்னிரண்டு வயதுச் சிறுமியை, மனைவியை இழந்த நாற்பது வயதுக்காரருக்குக் கட்டிவைத்துப் படகில் அனுப்புகிறார்கள். அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவர் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள். காயலும் ஓடையுமான ஊரில் தண்ணீருக்குப் பயந்து வாழும் குடும்பம். சிறுமி வளர்ந்து பெரிய அம்மச்சியாகி, 1977 வரை கதை நீள்கிறது. இன்னொரு பக்கம் 1930-களின் மதராஸ். கிளாஸ்கோவிலிருந்து அறுவைசிகிச்சை கற்றுக்கொள்ள வரும் டிக்பி என்ற இளைஞன், அரசு மருத்துவமனை வார்டுகள், வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப், நகரத்தின் வெக்கை. வர்கீஸ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர். அந்தப் பகுதிகளில் ஊரின் வாசனை வருவது அதனால்தான்.

இங்கேயும் ஒரு நோட்டு இருக்கிறது. ஐந்து வயதுப் பேத்தி, 'அம்மச்சி, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எப்படி இருந்தது?' என்று கேட்டதற்காக வர்கீஸின் அம்மா கையால் எழுதி, நடுநடுவே படமும் வரைந்து கொடுத்த நோட்டு. நாவலின் விதை அது. எழுநூறு பக்கத்துக்கு மேல் போகும். கடைசியில் தற்செயல்கள் கொஞ்சம் அதிகமாகவே ஒன்றுகூடிவிடுகின்றன என்று எனக்கு ஒரு குறை உண்டு. ஆனால் அந்த வீட்டு யானை தாமோதரன் வந்து நிற்கும் இடங்களுக்காகவே மன்னித்துவிடலாம். ஒலிப்புத்தகமாகக் கேட்க முடிந்தால் கேளுங்கள், வர்கீஸே வாசித்திருக்கிறார்.

சரி, ஃபேண்டஸிக்கு வருவோம். ஃபேண்டஸி எழுதுகிறவர்களுக்குப் பழைய காகிதம் கிடையாது, எல்லாம் கற்பனை. அதனால் என்ன செய்கிறார்கள் பாருங்கள், காகிதத்தையே கற்பனையில் உண்டாக்குகிறார்கள்.

ஹெதர் ஃபாசெட்டின் 'எமிலி வைல்ட்ஸ் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபேரீஸ்' (2023) முழுக்க ஒரு பேராசிரியையின் களக் குறிப்பேடு, அடிக்குறிப்புகள் உட்பட. வருடம் 1909. கேம்பிரிட்ஜில் ஃபேரிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் எமிலி. ஃபேரி என்றதும் சிறகு வைத்த குட்டி தேவதையை நினைக்காதீர்கள். நம் ஊர் மோகினி, முனி மாதிரி, அழகும் ஆபத்தும் ஒன்றாகச் சேர்ந்தவை. வடக்கே பனி சூழ்ந்த ஒரு கற்பனைத் தீவின் கிராமத்துக்கு நாயோடு தனியாகப் போகிறாள். ஃபேரிகளோடு பேரம் பேசத் தெரிந்தவளுக்கு மனிதர்களோடு நாலு வார்த்தை பேசத் தெரியாது. வந்த சில நாளிலேயே ஊர்த்தலைவியைத் தன்னை அறியாமல் புண்படுத்திவிடுகிறாள். விறகு வெட்டக்கூடத் தெரியாமல் குளிரில் நடுங்குகிறாள். பின்னாலேயே வந்து சேருகிறான் சக பேராசிரியர் வெண்டல், பேச்சில் மன்னன், வேலையில் சோம்பேறி. எமிலிக்கு அவனைப் பற்றி ஒரு சந்தேகம் இருக்கிறது.

கிராமத்தில் ஒரு தம்பதியின் பிள்ளையை ஃபேரிகள் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் பிள்ளையை அந்த இடத்தில் விட்டுவைத்திருக்கின்றன. எமிலி முதலில் இதையும் ஆராய்ச்சிக்குக் கிடைத்த விஷயமாகவே குறித்துக்கொள்கிறாள். போகப் போக அந்தக் குறிப்புகளின் தொனி மாறுவதைக் கவனியுங்கள். காதலும் அப்படியே, அவள் எழுதும் வரியில் வருவதற்கு முன்னால் அடிக்குறிப்பில் எட்டிப்பார்க்கிறது. இரவில் கம்பளிக்குள் சுருண்டு படிக்க இதைவிட இதமான புத்தகம் எனக்குத் தெரியாது. தொடர்ச்சியாக 2024, 2025-ல் இன்னும் இரண்டு வந்து கதை நிறைவடைகிறது.

சுசான்னா கிளார்க்கின் 'பிரனேசி' (2020) காதல் கதை அல்ல. ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முடிவே இல்லாத மண்டபங்கள், ஆயிரக்கணக்கான சிலைகள், கீழ்த்தளத்தில் அலையடிக்கும் கடல், மேல்தளத்தில் மேகம். உலகம் என்பதே இந்த வீடுதான் என்று நம்புகிற ஒருவன் எல்லாவற்றையும் தன் நோட்டுகளில் எழுதி வைக்கிறான். உலகில் இதுவரை வாழ்ந்தவர்கள் மொத்தம் பதினைந்து பேர், அதில் பதின்மூன்று பேரின் எலும்புகளுக்கு அவன் பூவும் தண்ணீரும் வைத்து மரியாதை செய்கிறான். ஒருநாள் தன் பழைய நோட்டுகளைப் புரட்டும்போது, தன் கையெழுத்திலேயே தனக்கு நினைவில்லாத விஷயங்கள் இருப்பதைப் பார்க்கிறான். அந்த இடத்தில் எனக்கு உடம்பு சில்லிட்டது. முந்நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். கிளார்க்கின் முதல் நாவல் 2004-ல் வந்தது. நீண்ட கால உடல்நலக் குறைவைத் தாண்டி, பதினாறு வருடம் கழித்து இந்த இரண்டாவது நாவல் வந்தது. அடைபட்ட இடத்தில் இருந்துகொண்டே அதை நேசிக்கிற ஒரு மனதை இவ்வளவு நிஜமாக எழுத அவருக்கு முடிந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

கடற்பயணக் கதை என்றால் உங்களுக்கு உயிர் என்று ஊகிக்கிறேன், பூங்குழலியைப் படித்து வளர்ந்தவர் ஆயிற்றே. ஷானன் சக்ரபர்த்தியின் 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் அமினா அல்-சிராஃபி' (2023) அதற்குத் தோதானது. பன்னிரண்டாம் நூற்றாண்டு, ஏடனும் சொகோத்ராவும் மொகதிஷுவும் சேர்ந்த இந்தியப் பெருங்கடல் உலகம். கொள்ளைக் கப்பலின் தலைவியாக இருந்து, மகள் பிறந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அம்மாவோடு ஒதுங்கி வாழும் நடுவயதுப் பெண். முழங்கால் வலிக்கிறது. தொழுகையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று பாடுபடுகிறாள். காணாமல் போன ஒரு பெண்ணைத் தேட மறுபடி கடலுக்குப் போக வேண்டிவருகிறது. கதையை ஓர் எழுத்தர் அவள் வாயால் கேட்டு எழுதுவதாக அமைப்பு. அவள் நடுவில் குறுக்கிட்டு அவரைத் திருத்துவது நல்ல சுவை. கப்பலை விட்டு வந்தும் கடலை நினைத்து ஏங்கியதற்காக மகளிடம் குற்ற உணர்வு கொள்கிறாள் பாருங்கள், வேலைக்குப் போகிற அம்மாக்கள் யாரும் அந்தப் பக்கங்களைச் சும்மா கடந்துவிட முடியாது.

ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். தொடரின் மூன்றாம் புத்தகம் 2025 ஜனவரியில் வெளியான முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. டிராகன் ஓட்டப் பயிற்சி தரும் போர்க் கல்லூரி, தோற்றால் சாவு. நாயகி வயலெட் ஏடு காக்கும் எழுத்தராக வேண்டும் என்று வளர்ந்தவள், தளபதியான அம்மா பிடிவாதமாக டிராகன் பிரிவுக்குத் தள்ளுகிறாள். எளிதில் மூட்டு விலகும், எலும்பு முறியும் உடம்பு அவளுக்கு. யாரோஸுக்கே அப்படியொரு உடல்நிலை இருப்பதால், வலியைப் பற்றிய பகுதிகளில் ஒரு பொய்யும் தெரியவில்லை. அந்த நாட்டின் நூலகத்தில் எந்தப் புத்தகம் இல்லை என்பதும் கதையில் முக்கியம், அதற்குமேல் சொல்ல மாட்டேன். முதல் பாதியைக் கீழே வைக்காமல் படித்தேன். பின்பாதியில் ஒரே உணர்ச்சி ஒரே வார்த்தைகளில் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டியது. படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாக இருக்கும், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சுத்தமான காதல் நாவல் என்றால் எமிலி ஹென்றியின் 'புக் லவ்வர்ஸ்' (2022) போதும். பட்டணத்து வேலைக்காரப் பெண்ணை விட்டுவிட்டு, கிராமத்துப் பெண்ணிடம் நாயகன் மனதைப் பறிகொடுக்கும் கதைகள் ஆயிரம் இருக்கின்றன. நம் பெட்டிக்கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்களிலும் உண்டு. அந்த விடப்பட்ட பட்டணத்துப் பெண் என்ன ஆனாள்? அவள்தான் இதில் நாயகி நோரா. எழுத்தாளர்களுக்காகப் பதிப்பகங்களிடம் பேரம் பேசும் ஏஜென்ட். எடிட்டர் சார்லியோடு சேர்ந்து ஒரு கைப்பிரதியைச் செம்மை செய்கிறாள். அதில் வரும் ஈரமில்லாத நாயகி தன்னைப் பார்த்துத்தான் எழுதப்பட்டவள் என்று அவளுக்குப் புரிகிறது. அம்மா இறந்தபின் தங்கையைத் தானே தாயாக நின்று வளர்த்தவள் அவள். அந்த அக்கா தங்கை பாசம் எனக்குக் காதலைவிடவும் ஒரு படி மேலாகப் பிடித்தது.

யாயெல் வான் டெர் வௌடனின் 'தி சேஃப்கீப்' (2024) இதற்கு நேர் எதிர்த் திசை. 1961, நெதர்லாந்தில் ஒரு பழைய வீடு. தனியாக இருந்து அதைக் காத்துவரும் இசபெல்லிடம், அண்ணன் தன் காதலி ஈவாவை விட்டுவிட்டுப் போகிறான். அதன்பின் வீட்டில் கரண்டி போன்ற சின்னச் சின்னச் சாமான்கள் காணாமல் போகின்றன. இரண்டு பெண்களுக்கிடையே வெறுப்பாக ஆரம்பிப்பது வேறொன்றாக மாறுகிறது. காதல் கதை படிப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஒரு நாட்குறிப்பு கைக்கு வரும், அப்போதுதான் முதல் பக்கத்திலிருந்து படித்தது சரித்திரம் என்று தெரியும். 2025-ன் பெண்கள் இலக்கியப் பரிசு இதற்குத்தான். முன்னால் மதிப்புரை எதையும் படிக்காதீர்கள், முடிச்சை அவிழ்த்துவிடுவார்கள்.

எதில் ஆரம்பிப்பது? பத்து வருட இடைவெளிக்குப் பிறகு என்பதால், முதலில் எமிலி வைல்ட். ஆங்கிலம் எளிது, நாள் தேதி போட்ட சின்னச் சின்னக் குறிப்புகளாக இருப்பதால் குழந்தை தூங்கும் அரைமணியில் ஒன்றிரண்டை முடிக்கலாம். கை பழகியதும் 'தி ஃப்ரோசன் ரிவர்'. படித்து முடித்த அன்று இன்னொன்றும் செய்யுங்கள். மார்த்தாவின் நாட்குறிப்பு மெய்ன் மாநில நூலகத்தில் இருக்கிறது, அதன் பக்கங்களை இணையத்திலும் பார்க்கலாம். கோணல்மாணலான எழுத்து, ஒவ்வொரு நாளுக்கும் சில வரி. வாசிக்கச் சிரமம்தான். எட்டிப் பார்த்தால் வானிலை, நதி, அன்று யார் வீட்டில் என்ன குழந்தை பிறந்தது என்பதெல்லாம் அவர் கையெழுத்திலேயே இருக்கும்.